200 ரூபாய் தர்க்கம்

அந்தக் காலத்தில் வாதம் செய்வது பெரும்பாடு. சமணக் காப்பிய நாயகி நீலகேசி ஊர் ஊராகப் போய், எதிர்த்தரப்பு சொல்வதைக் கேட்டுப் புரிந்துகொண்டு, அப்புறம்தான் மறுத்தாள். எவ்வளவு வீண் உழைப்பு! இன்று எக்ஸ் தளத்தில் ஒருவர் பட்ஜெட் பற்றிப் பத்துப் பதிவுகள் தொடர்ச்சியாக எழுதினாலும் படிக்க வேண்டியதில்லை. தி.மு.க.வுக்குச் சாதகமாகத் தெரிந்தால், காசு வாங்கி எழுதும் உடன்பிறப்பு என்ற பொருளில் ‘200 ரூபாய் உபி’, பா.ஜ.க.வுக்கு என்றால் ‘சங்கி’, விஜய்க்கு என்றால் ‘தற்குறி’. எந்தப் பக்கமும் சாயாதவருக்கு ‘நடுநக்கி’ என்று தனி இட ஒதுக்கீடே உண்டு. விவாதம் முடிந்தது, டீ ஆறுவதற்குள். தவிர, பாலும் பெட்ரோலும் ஏறிய இத்தனை ஆண்டுகளில் அந்த 200 மட்டும் ஏறவேயில்லை. விலைவாசியைக் கட்டிப்போட்ட ஒரே துறை இதுதான்.

காசு வாங்கினவர் போட்ட கணக்கும் சரியாக இருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கலாம். ஆனால் கணக்கைச் சரிபார்க்க நிதிநிலை அறிக்கையைத் திறக்க வேண்டும். ஆளைச் சரிபார்க்க முகப்புப் படமே போதும். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர்களும் இருப்பார்களே என்பது அடுத்த ஆட்சேபம். அதற்குத்தான் பழைய பதிவுகளின் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. 2014-இல் அவர் என்ன எழுதினார் என்று தோண்டினால் உள்நோக்கம் தானே வெளியே வரும். இந்த முறை தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: எப்போதாவது ஒருவர், “நீங்க சொல்றது சரி, நான் மாத்திக்கிறேன்” என்று எழுதிவிடுகிறார். அப்போதுதான் இரண்டு தரப்பும் சண்டையை நிறுத்தி, ஒரே நிமிடத்தில் ஒருமித்த முடிவுக்கு வருகின்றன: தொகை 200-க்கு மேலேதான் இருக்கும்.