கரையில் நிற்றல்: கிட்டங்கி ஆற்றுவாழையை முன்வைத்து ஒரு விசாரணை

உறக்கத்தைப் பற்றிப் பல்கலைக்கழகங்கள் ஆராய்ந்துவிட்டன. நடையைப் பற்றி, சிரிப்பைப் பற்றி, கொட்டாவி ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஏன் தொற்றுகிறது என்பதைப் பற்றிக்கூட அறிஞர்கள் எழுதியாயிற்று. மாரி காலத்தில் கிழக்கிலங்கையின் கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்குப் போகும் வீதி கிட்டங்கியில் தண்ணீருக்குள் மறையும்போது, இரு கரையிலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும் மனிதரை மட்டும் யாரும் முறையாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. இக்கட்டுரை அந்தக் குறையை நீக்க முனைகிறது. நாவிதன்வெளியின் பெரும்போக விளைச்சலில் நெல்லுக்கு அடுத்த இடம் இந்த நிற்றலுக்குத்தான் என்பது என் துணிபு.

ஆய்வுக்களத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சேனைக்குடியிருப்பைக் கடந்தால் கிட்டங்கி. அதற்கு அப்பால் சவளக்கடை, அன்னமலை, மத்தியமுகாம், பின்னர் எண்களையே பெயராகக் கொண்ட கொலனிகள். கல்முனைப் பக்கமிருந்து ஆசிரியர்களும் அலுவலக உத்தியோகத்தர்களும் அங்கே போக வேண்டும். அங்கிருந்து பாலும் மரக்கறியும் நெல்லும் இங்கே வர வேண்டும். மழை வலுத்தால் தாம்போதிக்கு மேலால் ஆறு பாயும். தாம்போதியின் கண்களில் மிதக்கும் செடியான ஆற்றுவாழை வந்து அடைத்துக்கொண்டால் இன்னும் கெதியாகப் பாயும். அப்புறம் தோணி வரும், சிலவேளை உழவு இயந்திரம் வரும், எப்படியும் சனம் வரும். நிற்றல் ஆரம்பமாகும்.

ஆய்வு முறையில் ஒரு சிக்கல் உண்டு. நிற்பவரை அறிய அவரோடு நிற்க வேண்டும். நின்றால் ஆய்வாளரும் நிற்பவரே. எட்ட இருந்து பார்த்தாலும் அது நிற்றல்தான், சற்று எட்டத்தில். இந்தச் சிக்கலைத் தத்துவ அடிப்படையில் தீர்க்க முடியாததால், கையில் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு தீர்த்தேன். கொப்பி வைத்திருப்பவனை வெள்ள நிவாரணம் பதிய வந்தவன் என்று நினைத்துப் பலர் குடும்ப அங்கத்தவர் எண்ணிக்கையைத் தாமாகவே சொன்னார்கள். அந்தத் தரவு இந்த ஆய்வுக்குப் பயன்படவில்லை.

நிற்போர் மூன்று வகையினர் என்றுதான் முதலில் எழுதி வைத்திருந்தேன். ஒரே ஆள் அரைமணி நேரத்துக்குள் மூன்றாகவும் மாறுவதைக் கண்ட பிறகு, வகை என்பதைவிடப் பருவம் என்பதே பொருத்தமாகப் பட்டது.

முதலாவது அளவைப் பருவம். அடியும் மீற்றரும் இங்கே செல்லாது. மோட்டார் சைக்கிளின் சைலன்சர், சீற், பெற்றோல் டாங்கி என்பதே ஏறுவரிசை.

“என்ன காக்கா, போகலாமா?”

“சைலன்சருக்கு மேல இரிக்கி தம்பி. ஆனா லைட்டுக்கு இன்னும் வரல்ல.”

இரண்டாவது வரலாற்றுப் பருவம். 1957 டிசம்பர் வெள்ளம், 1978 நவம்பர்ச் சூறாவளி, 2011 ஜனவரி வெள்ளம் ஆகிய மூன்றும் இதில் ஓதப்படும். 1957இல் பிறந்தேயிராதவர்கள் அந்த வெள்ளத்தின் மட்டத்தைத் தங்கள் நெஞ்சில் தொட்டுக் காட்டுவார்கள். வாய்மொழி வரலாற்றின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மூன்றாவது சட்டப் பருவம். இதுவே முதிர்ந்த நிலை; இதை எட்டியவர் வீட்டுக்குத் திரும்பும் அவசரத்தை இழந்துவிடுகிறார். ஆற்றுவாழையை யார் எடுக்க வேண்டும் என்ற கேள்விக்குக் கரையில் கிடைத்த விளக்கத்தைத் தொகுத்தால் இப்படி வரும். செடி மிதக்கும்வரை அது நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குரியது. தாம்போதியில் தட்டுப்பட்டு நின்றுவிட்டால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. இழுத்துக் கரையில் போட்டால் குப்பை, ஆகவே உள்ளூராட்சி. எந்தக் கரையில் போட்டோம் என்பதைப் பொறுத்து எந்தச் சபை என்பது மாறும். அழுகி நாறினால் சுகாதார வைத்திய அதிகாரி. அதில் சறுக்கி ஒருவர் விழுந்தால் அனர்த்த முகாமைத்துவம். ஆற்றுக்குள் இறங்கிய யானை அதை மிதித்துத் தின்றால் வனஜீவராசிகள் திணைக்களம். செடி குறைவது அநேகமாக இந்த ஒரு கட்டத்தில்தான். இவ்வளவு நுட்பமான நிர்வாக அறிவை, எந்தச் சம்பளமும் இல்லாமல், காலை நேரத்தில், நனைந்தபடி வழங்கக்கூடிய இன்னொரு சமூகத்தை நான் கண்டதில்லை. பிரதேச செயலகத்தில் இதே விளக்கத்தைப் பெற மூன்று மேசை மாற வேண்டியிருக்கும்.

செடியின் பக்கமும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென்னமெரிக்க ஆறுகளில் பிறந்த ஆற்றுவாழை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் ஊதாப் பூவுக்காகவே இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. வந்து சில ஆண்டுகளில், 1909இல், இந்த ஒரு செடிக்கென்றே தனிக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டம் பிறந்து நூறு ஆண்டு தாண்டிவிட்டது. செடி இன்னும் சுகமாகவே இருக்கிறது. வசதியான தண்ணீர் கிடைத்தால் அது ஏறத்தாழ இரண்டு கிழமையில் இரட்டிக்கும். மாதம் ஒருமுறை கூடும் ஒரு குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். முதற் கூட்டத்தில் ஒரு ஏக்கர் செடி பற்றிப் பேசப்படுகிறது. கடந்த கூட்ட அறிக்கையை வாசித்து ஏற்றுக்கொள்ளும் இரண்டாவது கூட்டத்தில் அது நான்கு ஏக்கர். சம்பந்தப்பட்ட திணைக்களத்துக்குக் கடிதம் அனுப்பத் தீர்மானிக்கும் மூன்றாவதில் பதினாறு. கடிதம் கிடைத்ததாகப் பதில் வந்ததை அறிவிக்கும் நான்காவதில் அறுபத்து நான்கு. செடிக்கு அறிக்கையும் இல்லை, கோரமும் இல்லை.

ஆற்றுவாழையின் கூட்டாளியான சல்வீனியாவின் கதை இன்னும் நயமானது. 1939இல் கொழும்பில் தாவரவியல் படிப்பிக்கக் கொண்டுவந்த செடி அது. வகுப்பு முடிந்ததும் நாடு பார்க்கக் கிளம்பிவிட்டது. வயல்களையும் குளங்களையும் மூடிய அதற்கு 1980களின் பிற்பகுதியில்தான் ஒரு பதில் கிடைத்தது: பிரேசிலில் பிறந்து, அவுஸ்திரேலியாவில் பெயரெடுத்து, இங்கே வந்து இறங்கிய ஒரு வண்டு. நீளம் இரண்டு மில்லிமீற்றர் அளவு. தன் கடமை எது என்பதில் இந்த வண்டு மிகக் கறார். சல்வீனியாவைத் தவிர வேறொன்றைத் தொடாது, பக்கத்தில் ஆற்றுவாழை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாலும். அந்த வகையில் அதுவும் ஓர் உத்தியோகத்தர்தான். தன் எல்லைக்குள் இருப்பதைச் சாப்பிட்டு முடிக்கிறது என்பதே வித்தியாசம்.

இனிக் கணக்கு. நாற்பது பேர் கரையில் அரைமணி நேரம் நின்றால் இருபது மணித்தியாலம். எட்டு மணித்தியாலத்தை ஒரு நாட்கூலி என்று கொண்டால் இரண்டரை நாள் வேலை அங்கே, காற்றில், “கவுமெண்டு பாக்கணும்” என்ற வாக்கியமாக வெளியேறுகிறது. இந்தக் கணக்கைக் கேட்டதும் சிலருக்குக் கண் பிரகாசிக்கும். நேர முகாமைத்துவம் பற்றி மண்டபங்களில் உரையாற்றும் அன்பர்கள் அவர்கள். உங்கள் நேரத்துக்கு நீங்களே பொறுப்பு, குறை சொல்வதை நிறுத்துங்கள், எழும்பிச் செயற்படுங்கள் என்பார்கள். பிரதம அதிதி வரும்வரை அந்தக் கூட்டம் தொடங்காது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவர்களுடைய மருந்தை அப்படியே கிட்டங்கியில் ஊற்றினால் ஆபத்து. 2024 நவம்பரில், இங்கிருந்து அதிக தூரமில்லாத காரைதீவு மாவடிப்பள்ளியில், வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு மத்ரசாப் பிள்ளைகள் உயிரிழந்தார்கள். அந்த ஒரு சம்பவத்துக்கு முன்னால் இந்தக் கட்டுரையின் கேலி வாயை மூடிக்கொள்ள வேண்டும். தண்ணீர் ஏறினால் நிற்பதே அறிவு. உயரமான பாலம் கட்டுவது எந்தத் தனிமனிதனின் நேரத்திலும் அடங்கும் வேலையல்ல. அதைக் கேட்டு அரசை நச்சரிப்பது சோம்பலும் அல்ல. ஏழையின் காலடியில் பொறுப்பைக் கொட்டிவிட்டுப் போகும் பேச்சுக்கு நான் கைதட்ட மாட்டேன்.

ஆகவே கேள்வி சிறியதாகச் சுருங்குகிறது: பாலம் அரசுடையது என்றால், செடி யாருடையது? இந்தச் சின்னக் கேள்விக்கு விடை தேடக் கிட்டங்கியிலிருந்து மேற்கே, ஆறும் வாய்க்காலும் வந்த வழியே போக வேண்டும்.

இங்கினியாகலையில் அணை கட்டி, நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரத்தை உண்டாக்கி, 1949இல் அமைந்த கல்லோயாப் பள்ளத்தாக்கு அபிவிருத்திச் சபையின் கீழ் மக்களைக் குடியேற்றிய கதை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 1956இல் இதே குடியேற்றப் பகுதியில் இனக்கலவரத்தில் இரத்தம் சிந்தியதும் தெரியும். இடதுகரை வாய்க்காலின் தலைப்பக்கத்தில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். வால்பக்கத்தில் தமிழ் பேசுவோர். 1970களின் முடிவில் அந்த வாய்க்கால் தொகுதி நாட்டிலேயே சீர்கெட்டது என்று பெயர் வாங்கியிருந்தது. கதவுகள் உடைந்து, வயல் வாய்க்கால்கள் தூர்ந்து, மேலே இருப்பவர் வக்கடையைத் திறந்துவிட்டுப் படுக்க, கீழே இருப்பவர் இரவிரவாகத் தண்ணீருக்குக் காவல் இருந்தார். வாய்க்காலை யார் வெட்டுவது என்று கேட்டால் இரு மொழியிலும் ஒரே பதில்: திணைக்களம். தேசிய ஒற்றுமைக்கு அன்றிருந்த ஒரே அடிப்படை அதுதான் போலும்.

1981இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்ணல் பல்கலைக்கழகமும் சேர்ந்து பட்டதாரி இளைஞர், யுவதிகளைக் கிராமங்களில் தங்கவைத்தன. கல்லோயா விவசாயிகளில் பத்துப் பதினைந்து பேரை ஒன்றாக வேலை செய்யவைத்தாலே பெரிய காரியம் என்று அதிகாரத்தில் இருந்த ஒருவர் சொல்லி அனுப்பினாராம். அந்த ஆண்டுச் சிறுபோகத்துக்கு நீர்த்தேக்கத்தில் கால்வாசித் தண்ணீர்தான். வந்த இளைஞர்கள் சங்கம் அமைக்கவில்லை. ஒரே வயல் வாய்க்காலில் பாய்ச்சுகிறவர்களோடு பேசினார்கள், அவ்வளவுதான். சில கிழமைகளுக்குள், ஆண்டுக்கணக்காக மண்வெட்டி படாத வாய்க்கால்களை விவசாயிகள் தாமே துப்புரவாக்கினார்கள், முறை வைத்துத் தண்ணீர் எடுத்தார்கள், மிச்சத்தைக் கீழே விட்டார்கள். கீழே என்றால் தமிழ் பேசும் பக்கத்துக்கும். தலைவர், செயலாளர், கடிதத் தலைப்பு, இறப்பர் முத்திரை எல்லாம் பிறகு வந்தன. நம்முடைய வழக்கத்தில் இறப்பர் முத்திரைதான் முதலில் வரும். பல சங்கங்களில் அதுவே கடைசியாகவும் வருவது.

இந்தத் திட்டத்தோடு இருந்த நோர்மன் உப்ஹொஃப் என்ற அரசியல் விஞ்ஞானி, தண்ணீரின் பயன் ஏறத்தாழ இரட்டித்தது என்று எழுதினார். அவருக்கு அது போதவில்லை. மேலே இருக்கும் விவசாயி ஏன் வாய்க்காலை வெட்ட வேண்டும்? அவனுக்குத்தான் ஏற்கெனவே தண்ணீர் வருகிறதே. அவன் வியர்வையின் பலன் அவனுக்குத் தெரியாதவன் வயலில், அவனுக்குப் புரியாத மொழியில் கதிராகிறது. தன்னலத்தை வைத்து மனிதரை விளக்கும் தன் துறை இதற்குப் பதில் தராததால், 1992இல் வெளியிட்ட நூலில் அவர் நியூட்டனைத் தாண்டி, குவாண்டம் இயற்பியல், குழப்பக் கோட்பாடு வரைக்கும் போனார். ஒரு மனிதன் தன்பாட்டில் மண்வெட்டியைத் தூக்கினான் என்பதை விளங்கிக்கொள்ளக் கல்விமான்களுக்கு அணுவைப் பிளக்க வேண்டியிருந்தது. கரையில் நிற்போரின் கோட்பாட்டுச் செழுமையை யாரும் இனிக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

என் வாசிப்பு எளிது. நேரத்தைப் பயனாக்குவது பற்றிப் பேசுவோர் எல்லாம் பயன் நேரத்தின் சொந்தக்காரனிடம் திரும்பி வரும் என்று சத்தியம் செய்கிறார்கள். வாய்க்காலில் அப்படி நடப்பதில்லை. ஓடும் தண்ணீரில் செய்யும் எந்த வேலையும் கீழே இருப்பவனுக்கே போய்ச் சேரும். உனக்கு வருவது மேலே இருப்பவன் செய்தது, அல்லது செய்யாதது. கிட்டங்கியோ எல்லோருக்கும் கீழே இருக்கிறது. மேலே அறுந்த செடியெல்லாம் இங்கே வந்துதான் சேருகிறது. அதனால் இங்கே நிற்பவர்களுக்கு முறைப்பாடு சொல்லும் உரிமை மற்ற எவரையும்விடக் கூட என்பதை நான் மறுக்கவில்லை. அந்த உரிமையை முழுமையாகப் பயன்படுத்தி முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதுதான் அளக்கப்படாமல் இருக்கிறது.

ஆய்வில் அடங்காத ஒரு நேர்வையும் நேர்மையின் பொருட்டுப் பதிய வேண்டும். தண்ணீர் வடியத் தொடங்கியிருந்த ஒரு காலை, சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர் நீண்ட கொக்கத்தடியோடு வந்து, தாம்போதியின் ஒரு கண்ணில் அடைத்திருந்த ஆற்றுவாழையைக் கொளுவி இழுக்கத் தொடங்கினார். அளவைப் பருவத்தினர் அவருக்கு எங்கே கொளுவ வேண்டும் என்று சொன்னார்கள். வரலாற்றுப் பருவத்தினர் முன்பு தடி எவ்வளவு நீளம் இருந்தது என்று சொன்னார்கள். சட்டப் பருவத்தில் இருந்த ஒருவர் மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்க் கேட்டார்:

“நீங்க எந்த டிப்பாட்மென்ட்?”

“சவளக்கடைக்குப் போகணும்,” என்றார் அவர், திரும்பாமலே.

பதில் ஏற்கத்தக்கதா என்பது பற்றிக் கரையில் இரண்டு அபிப்பிராயம் நிலவியது. இழுத்துப் போட்ட செடி கல்முனைப் பக்கமா நாவிதன்வெளிப் பக்கமா என்ற விவாதம் அதற்குள் ஆரம்பித்துவிட்டது.