சாமர்வெல் எந்த ஊருப் பேரு?

கேள்வி: எங்கள் பாட்டா பெயர் சாமர்வெல். அது இங்கிலாந்தில் குடும்பப் பெயர் என்கிறார்கள். அப்படியானால் எங்களுக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருப்பார்களா?
— கல்லூரி மாணவர், திங்கள்சந்தை

பதில்: சொந்தம் உண்டு, மக்களே. ஆனால் அது ரத்த வழியில் வந்ததில்லை, ஆபரேஷன் கத்தி வழியில் வந்தது. நெய்யூர் ஆஸ்பத்திரியில் வயிற்றுப்புண்ணை அறுத்துப் பிழைக்கவைத்த டாக்டரின் பெயரைப் பிறந்த பிள்ளைக்கு இட்ட குடும்பங்கள் நம் பக்கம் உண்டு. உங்கள் பாட்டாவும் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் வருவார்.

தியடோர் ஹோவர்ட் சாமர்வெல் 1890இல் இங்கிலாந்தின் வடக்கே கெண்டல் என்ற சிறுநகரத்தில் பிறந்தார். குடும்பத் தொழில் செருப்பு. ராபர்ட் மில்லர் சாமர்வெல் என்பவர் 1842இல் அங்கே தோல் வியாபாரம் தொடங்கினார். பின்னாளில் அது ‘கே ஷூஸ்’ என்ற பெரிய காலணிக் கம்பெனியாக வளர்ந்தது. நம் டாக்டருக்கோ மலைமேல் மோகம். 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் அவரும் இருந்தார். அதே குழுவின் மல்லோரி, நார்ட்டன் இருவரோடும் ஆக்சிஜன் உருளை இல்லாமல் 8,200 மீட்டர் வரை போனார். இறங்கி வந்தவர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி நெய்யூருக்கும் வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக் கிடந்த நோயாளிகளையும், அவர்களுக்கு நடுவே திணறிக்கொண்டிருந்த டாக்டரையும் பார்த்தார். லண்டனில் காத்திருந்த நல்ல எதிர்காலத்தை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்துவிட்டார்.

1924இல் மறுபடியும் எவரெஸ்ட். தொண்டை அடைத்து மூச்சுத் திணறும் நிலையிலும் 8,500 மீட்டரை ஒட்டிப் போனார். மல்லோரியின் கடைசி ஏற்றத்துக்குத் தன் சிறிய கோடாக் கேமராவைக் கொடுத்து அனுப்பியவரும் இவர்தான். திரும்பி வராத மல்லோரியின் உடல் 1999இல் கிடைத்தது, கேமரா கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட மனிதர் அதற்குப் பிறகு இருபது வருஷம் நெய்யூரில் குடல் தைத்துக்கொண்டிருந்தார்! ஜெயமோகனின் ‘ஓலைச்சிலுவை’ கதையைப் படித்தவர்களுக்கு இவரைத் தெரியும். அவர் பெயரை வைத்திருக்கிறீர்கள் என்றால் தலை நிமிர்ந்து சொல்லுங்கள். சொத்தில் பங்கு கேட்டுக் கெண்டலுக்குப் போக வேண்டாம்.

கேள்வி: அந்தச் சாமர்வெல் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? சாதிப் பெயரா?
— ஆசிரியை, மார்த்தாண்டம்

பதில்: ஊர்ப்பெயர். பிரான்சின் நார்மண்டிப் பகுதி ஊரொன்றின் பெயர் அது. 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது அவர்களோடு கடல் கடந்தது. பிறகு அந்தப் பெயர்க் குடும்பத்தார் ஸ்காட்லாந்தில் கார்ன்வாத் என்ற இடத்தில் நிலம் பெற்றுப் பிரபுக்களானார்கள். அங்கே ‘சாமர்வில்’ என்று எழுதுகிறவர்கள் ஏராளம். இந்திரா காந்தி படித்த ஆக்ஸ்போர்டு சாமர்வில் கல்லூரி, மேரி சாமர்வில் என்ற அறிவியல் எழுத்தாளரின் பெயரைத் தாங்கியது. ஒரு எழுத்து மாறி ‘சாமர்வெல்’ என்று எழுதுகிறவர்கள்தான் அபூர்வம். கெண்டல் வட்டாரத்துச் செருப்புக் குடும்பம் அதில் முக்கியமானது.

ஆங்கிலேயரின் பெயர்முறை நமக்குப் புதிதல்ல. நம் ஊரில் ஒரே தெருவில் நான்கு செல்லையன் இருந்தால் எப்படி அடையாளம் சொல்வோம்? மேலவிளைச் செல்லையன், பனவிளைச் செல்லையன், புத்தன்வீட்டுச் செல்லையன். அதையேதான் அவர்களும் செய்தார்கள். பதினான்காம் நூற்றாண்டு வாக்கில் விளைப்பெயர் பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டது. குடியிருந்த விளையை விட்டுப் போன பிறகும் கழன்று விழவில்லை. நம்மிடம் வீடு மாறினால் வீட்டுப்பெயரும் மாறிவிடும். வேறுபாடு அவ்வளவுதான்.

கேள்வி: ஒரு குடும்பப் பெயர் அபூர்வமானது, இன்ன ஊரில்தான் உண்டு என்றெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
— ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ் ஊழியர், தக்கலை

பதில்: நீங்கள் வாழ்நாள் முழுக்கப் புரட்டிய அதே சரக்கை வைத்துத்தான்: பதிவேடு. 1538இல் தாமஸ் குரோம்வெல் போட்ட உத்தரவுப்படி ஒவ்வொரு கோயில் வட்டாரமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டியதாயிற்று. 1837 முதல் அரசாங்கமே பிறப்பு இறப்பைப் பதிந்தது. ஆய்வாளர்கள் 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்து, ஒவ்வொரு பெயரும் எந்த மாவட்டத்தில் எத்தனை என்று படம் போட்டுவிட்டார்கள். ஸ்மித் என்ற பெயருக்கு நாடு முழுக்கக் கறுப்பாகிவிடும். அபூர்வப் பெயராக இருந்தால் ஒரு மூலையில் மட்டும் மை தெளித்த மாதிரி இருக்கும்; மூல ஊர் பெரும்பாலும் அந்த மூலையில்தான்.

நாகர்கோவில்காரர்களுக்குப் பழக்கமான உதாரணம் ‘டதி’. டதி பள்ளிக்கூடத்தில் படித்த பெண்கள் இல்லாத வீடு நகரத்தில் குறைவு. அந்தப் பெயர் ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் அபர்டீன் பக்கத்துக் குடும்பப் பெயர். அபர்டீன் நகரத்தில் எலிசபெத் குரோம்பி டதி என்ற அம்மையார் கொடுத்த நிலத்தில் 1883இல் திறந்த டதி பூங்கா இன்றும் இருக்கிறது. நம் ஜேம்ஸ் டதி லண்டன் மிஷன் போதகர். சுமார் அரை நூற்றாண்டு நாகர்கோவிலில் உழைத்தவர். அபர்டீனை விட்டால் அந்தப் பெயரை அதிகம் உச்சரிக்கும் ஊர் நம் ஊராகத்தான் இருக்கும் என்பது என் கட்சி. காலையில் பஸ் நிறுத்தத்தில் நின்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பழைய மிஷன் புத்தகம் ஒன்றில் ‘லோயிஸ் பிடல்ஃப்’ என்ற பெயரைப் பார்த்தேன். உள்ளூர்ப் பெண் என்று போட்டிருக்கிறது. பெயர் சுத்த ஆங்கிலமாக இருக்கிறதே?
— நூலகர், இரணியல்

பதில்: இந்த வாரம் வந்ததில் என்னைத் தூங்கவிடாத கேள்வி இது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிடல்ஃப் என்பது இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் பகுதியில் உள்ள ஓர் ஊர். தோண்டிய பள்ளத்துக்கு அருகே என்பது அதன் பழைய பொருள். சுரங்க நாடு அது. ஊர்ப்பெயர் அங்குள்ள நிலக்கிழார் குடும்பத்துக்கு ஒட்டியது. 1644இல் உள்நாட்டுப் போரில் பீரங்கியால் தகர்ந்த அவர்களுடைய மாளிகையின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அபூர்வமான பெயர்தான்; ஆனாலும் உலகம் சுற்றியது. ஜான் பிடல்ஃப் என்ற ராணுவ அதிகாரி 1877இல் கில்கிட்டில் பிரிட்டிஷ் ஏஜென்டாக இருந்தார். சீனத்துத் தக்லமக்கான் பாலைவனத்தில் மணலில் ஓடித் திரியும் ஒரு பறவைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அதே பெயர் தெற்குத் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒரு பெண்ணுக்கு எப்படி வந்தது? அன்றைக்கு மிஷனில் ஒரு வழக்கம் இருந்தது. இங்கிலாந்தில் ஒரு சபையாரோ ஒரு சீமாட்டியோ வருஷந்தோறும் ஒரு தொகை அனுப்ப ஒப்புக்கொள்வார்கள். அந்தப் பணத்தில் இங்கே ஒரு போர்டிங் பிள்ளை படிக்கும், அல்லது ஓர் உபதேசியார் சம்பளம் வாங்குவார். பணம் அனுப்பியவர் சொல்லும் பெயர் இங்குள்ளவருக்கு விழும். மிஷனின் ஆண்டறிக்கைகளில் இந்தப் பெயர்களையும் தொகைகளையும் வரிசையாகப் பார்க்கலாம். லோயிஸின் பெயரும் இந்த வழக்கம் இருந்த காலத்துப் பெயர்தான்.

அவர் வரலாற்றில் நிற்பதற்குக் காரணம் வேறு. சார்லஸ் மீட் 1818இல் நம் பகுதிக்கு வந்து, பிறகு நெய்யூரைத் தலைமையிடமாக்கிக்கொண்ட போதகர். மனைவியை இழந்த அவர், 1850களின் தொடக்கத்தில் லோயிஸை முறைப்படி திருமணம் செய்துகொண்டார். கூட இருந்த வெள்ளைக்காரர்களும் பொறுக்கவில்லை, உள்ளூர் மேல்சாதிக்காரர்களும் பொறுக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கட்டியெழுப்பிய மிஷனை விட்டு மீட் விலகினார். 1855இல் திருவிதாங்கூர் அரசின் பள்ளிக்கூடங்களுக்குக் கண்காணிப்பாளரானார், 1873இல் இறந்தார். ஆங்கிலப் பெயர் கொடுக்கலாம், ஆங்கிலக் கல்வி கொடுக்கலாம், ஆனால் ஆங்கிலேயனின் மேஜையில் மனைவியாக உட்காரக்கூடாது என்று சொன்னவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

கேள்வி: கால்டுவெல்லுக்கும் நாகர்கோவிலுக்கும் என்ன சம்பந்தம்?
— தமிழாசிரியர், வள்ளியூர்

பதில்: மாப்பிள்ளைச் சம்பந்தம்! ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ எழுதிய ராபர்ட் கால்டுவெல் 1844இல் கட்டியது எலைசா மால்ட் என்ற பெண்ணை. எலைசா 1822இல் நாகர்கோவிலில் பிறந்தவர். அப்பா லண்டன் மிஷன் போதகர் சார்லஸ் மால்ட், அம்மா மார்த்தா மால்ட். நாகர்கோவில் லேஸ் என்று ஒரு காலத்தில் கடல் கடந்து விற்றதே, திண்டில் ஊசி குத்தி, கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற அந்தப் பின்னல், அதைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் மார்த்தா அம்மையார். பின்ன வந்த பெண்கள் கையில் காசு பார்த்தார்கள். அடிமைகளாக இருந்தவர்கள் சிலர் அந்தக் காசால் விடுதலை பெற்றார்கள்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். மால்ட் அபூர்வமான ஆங்கிலப் பெயர். எலைசா கல்யாணமானதும் கால்டுவெல் ஆகிவிட்டார். குடும்பப் பெயர் ஆண் வழியில் மட்டும் போவதால் அபூர்வப் பெயர்கள் இப்படித்தான் மறைகின்றன. தமிழ் படித்தவர்கள் கால்டுவெல்லை அறிவார்கள். இடையன்குடியில் லேஸையும் பெண் கல்வியையும் வளர்த்த நாகர்கோவில் பெண்ணை எத்தனை பேருக்குத் தெரியும்?

கேள்வி: கடற்கரை ஊர்களில் ஏன் பெர்னாண்டோ, கோமஸ் என்று வேறு மாதிரிப் பெயர்கள்?
— வாசகி, குளச்சல்

பதில்: கடற்கரைக்கு முதலில் வந்தவர்கள் போர்ச்சுகீசியர். பிரான்சிஸ் சவேரியார் 1544இல் நம் கரையில் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டே போனார். லண்டன் மிஷன்காரர்கள் உள்நாட்டு விளைகளுக்கு வந்தது 1800க்குப் பிறகு. ஆகவே குளச்சலில் பஸ் ஏறி நெய்யூரில் இறங்குவதற்குள் போர்ச்சுகல் முடிந்து இங்கிலாந்து வந்துவிடும். சவேரியாரின் பெயரும்கூட ஸ்பெயினின் நவார்ரா பகுதிக் கோட்டையின் பெயர்தான். அவர் குடும்பத்துக்கு வெளியே அபூர்வமாக இருந்த அது இன்றைக்கு நம் கரையில் வீட்டுக்கு வீடு இருக்கிறது.

கேள்வி: டிலனாய்க்கும் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கும் உறவு உண்டா?
— வாசகர், புலியூர்க்குறிச்சி

பதில்: 1741 குளச்சல் போரில் தோற்று, மார்த்தாண்ட வர்மாவின் தளபதியாகி, 1777இல் இறந்து உதயகிரிக் கோட்டையில் அடக்கமானவர் டிலனாய். லானோய் என்பது பிரான்சின் வடக்கே லில் அருகே உள்ள ஊர். ‘அந்த ஊர்க்காரர்’ என்பதே பெயர். பிராங்க்ளின் டெலானோ ரூஸ்வெல்ட்டின் நடுப்பெயரும் 1621இல் அமெரிக்கா போன பிலிப் டி லானோய் வழியாக வந்தது. பெயர் ஒன்று. அதை மட்டும் வைத்து உறவு சொல்ல முடியாது. ஒரே ஊர்ப்பெயர் பல குடும்பங்களுக்கு வரும். பக்கத்திலேயே இருக்கிறீர்கள், கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் சேர்ந்திருப்பதை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கேள்வி: வெள்ளைக்காரன் பெயரைச் சுமப்பது அடிமைத்தனம் இல்லையா? நம்மாட்கள் தமிழ்ப் பெயர் வைத்தால் என்ன?
— வாசகர், மயிலாடி

பதில்: மயிலாடியிலிருந்து இதைக் கேட்பது பொருத்தம். உங்கள் ஊர் மகாராசன் ஞானஸ்நானம் பெற்றபோது வேதமாணிக்கம் ஆனார். லண்டன் மிஷன் போதகர் ரிங்கல்தௌபேயை இங்கே அழைத்து வந்தவர் அவர். கிறிஸ்தவர் என்றால் ஆங்கிலப் பெயர் என்ற கட்டாயம் முதல் நாளிலிருந்தே இருக்கவில்லை.

நான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். பணம் அனுப்பியவர் பெயரை ஒரு பிள்ளையின் தலையில் வைத்தது தவறு. தாய் தகப்பன் இட்ட பெயர் அதில் அழிந்துபோயிற்று. ஆனால் உயிரைக் காப்பாற்றிய டாக்டரின் பெயரை, பெற்றவர்களே விரும்பித் தம் பிள்ளைக்கு வைத்தது அன்பு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி ஆங்கிலப் பெயராகத் தெரியும். எது எந்த வகை என்று அந்தந்த வீட்டில்தான் கேட்டறிய முடியும்.

கேள்வி: என் மகன் மான்செஸ்டரில் வேலை பார்க்கிறான். அங்கே அவனை ‘மிஸ்டர் சாமர்வெல்’ என்கிறார்களாம். அது அவன் அப்பா பெயர் அல்லவா?
— இல்லத்தரசி, கருங்கல்

பதில்: பாஸ்போர்ட் செய்த வேலை. நம் முறையில் அப்பா பெயர் பிள்ளைக்கு இனிஷியல். பேரனுக்கு அதுவும் இல்லை. இரண்டே தலைமுறையில் ஒரு சாமர்வெல் ‘எஸ்’ என்ற ஓர் எழுத்தாகிக் காணாமல் போவார். பாஸ்போர்ட்டின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரை நிரப்பியதால் உங்கள் மகன் அதை அது புறப்பட்ட நாட்டுக்கே, குடும்பப் பெயராகவே கொண்டுபோய்விட்டான். இனி அவன் பிள்ளைகளுக்கும் அதுவே தொடரலாம். நாளைக்கு எவராவது பெயர்ப் படம் போட்டால் மான்செஸ்டரில் ஒரு புள்ளி கூடும். கெண்டல் பக்கத்துக் குடும்பம் தெற்கே இடம் பெயர்ந்தது என்று முடிவு கட்டுவார்கள். கருங்கல் அந்தப் படத்தில் இருக்காது.

ஆகவே உங்களுக்கும், எழுதிய மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒரு டதியோ, மீட்டோ, சாமர்வெல்லோ இருந்தால், சபைப் பதிவேட்டில் ஞானஸ்நானத் தேதியைப் பாருங்கள். பெரியவர்களிடம் அந்தப் பெயரை யார் வைத்தார், ஏன் வைத்தார் என்று கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, நகல் ஒன்றை மகனுக்கும் அனுப்பிவிடுங்கள்.