பெரிய முதலாளியும் இருபத்தைந்து மீட்டரும்

திருப்பூரில் பனியன் கம்பெனியை மகன் கையில் ஒப்படைத்துவிட்ட பெரிய முதலாளி, கார் சாவியை மட்டும் ஒப்படைத்திருக்க மாட்டார். வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். இரண்டாவது கியரிலேயே காதர்பேட்டை வரை போய்விடுவார். வலதுபக்கம் திரும்பப் போட்ட இண்டிகேட்டர் அவிநாசி தாண்டியும் கண்ணடித்துக்கொண்டிருக்கும். பல்லடம் ரோட்டில் ஏப்ரல் மாதத்திலும் பனி இறங்குகிறது என்பார். கண்புரையை வானிலைக் கணக்கில் எழுதிவிட்டவர். லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது ஒருதடவை ஓட்டிக் காட்டலாமே என்றால், “நானுங்களா? அம்பது வருசமா ஓட்டறேனுங்க” என்பார்.

இந்தப் பதிலை அவருடைய தொழிலே ஒப்புக்கொள்ளாது. ஐம்பது வருடமாகத் தைக்கிறோம் என்றதற்காக எந்த பையரும் கண்ணை மூடிக்கொண்டு சரக்கெடுப்பதில்லை. துணியை ஜிஎஸ்எம் கட்டரில் வட்டமாக வெட்டி எடை போடுகிறார்கள், துவைத்துச் சுருக்கம் பார்க்கிறார்கள், லைட் பாக்ஸில் வைத்து ஷேடு பார்க்கிறார்கள். கடைசியில் ஒருவர் வந்து தனக்குத் தோன்றிய பெட்டிகளைப் பிரிக்கிறார். ஊசி ஓட்டை ஒன்றுக்காகப் பீஸைத் தூக்கி எறிந்த பெரியவருக்கு இதில் எல்லாம் அவமானம் தெரிந்ததில்லை. அவருக்கு நடக்கும் சோதனையோ வேறு மாதிரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி, 55 வயதைக் கடந்தவர் சொந்த வண்டிக்கான லைசென்ஸை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார். 40 தாண்டினாலே படிவம் 1ஏ-யில் டாக்டர் கையெழுத்து வேண்டும். பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட் தெரிகிறதா என்று அதில் கேட்டிருக்கிறது. நல்ல கேள்விதான், குடும்ப டாக்டரின் அறை 25 மீட்டர் நீளம் இல்லை என்பதுதான் சிக்கல். காலாவதியாகி ஓராண்டு கடந்தால்தான் ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். ஆக, சோதிக்கப்படுவது தேதியை மறக்காத ஞாபகம் மட்டுமே. அந்தப் பரீட்சையையும் மகனின் செல்போன் எழுதிவிடுகிறது.

“பையனுக பைக்கைப் பறக்க விடறானுக, என்னையப் புடிக்கறீங்களே” என்பார். நியாயம் உண்டு, நாட்டில் சாலை விபத்துகளில் சாகிறவர்களில் பெரும்பாலோர் 18 முதல் 45 வயதுக்காரர்கள்தான். ஆனால் இளவட்டத்தின் கோளாறு துணிச்சல். அதற்கு அபராதமும் போலீஸும் இருக்கின்றன. பெரியவரின் கோளாறு அவருக்கே தெரியாமல் வருகிறது. புரை மெல்ல வளரும், கழுத்து திரும்ப மறுக்கும், கால் பிரேக்குக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். ஷிப்ட் விட்டு ஆயிரம் பேர் ரோட்டைக் கடக்கையில், மெதுவாகத்தானே போகிறார் என்ற சமாதானம் எடுபடாது. சாவி போனால் அவர் வீட்டோடு முடங்கிவிடுவாரே என்பதுதான் கனமான வாதம். டவுன் பஸ் படி உயரம், மகனுக்கோ ஷிப்மென்ட் அவசரம். அதற்காகச் சோதனையே கூடாது என்பதில்லை. ஆல்டருக்குப் போன பீஸ் சரியாகித் திரும்புவதைப் பார்த்தவர்தானே அவர். புரையை எடுத்துவிட்டு மறுபடி வந்து ஓட்டிக் காட்டலாம்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 75 வயதிலிருந்து ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை; 85 ஆனால் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஓட்டியும் காட்ட வேண்டும். அது வேண்டாம் என்பவர், வீட்டைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்கு மட்டும் லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாம். இங்கும் எழுபதுக்கு மேல் கண்ணைக் கருவியில் பார்த்து, நெரிசலான ரோட்டில் பத்து நிமிடம் ஓட்டச் சொன்னால் போதும். தேறாதவருக்குத் தூரக் கணக்கு. ஆர்டிஓ பத்து கிலோமீட்டர் என்று எழுத ஆரம்பித்ததும் பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்: “பத்து கட்டுபடியாகாதுங்க, பதினஞ்சாப் போட்டுக் குடுங்க.”