தூங்கவிடாத வீடியோ

கேள்வி: பாதுகாப்புப் பயிற்சி வீடியோ போட்டதுமே எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் மேலதிகாரியின் துவக்க உரையை வெட்டுங்கள். 2012-ல் மெல்போர்ன் மெட்ரோ ரயில்காரர்கள் ‘டம்ப் வேஸ் டு டை’ என்று ஒரு கார்ட்டூன் பாட்டு வெளியிட்டார்கள். தண்டவாளத்தருகே கவனம் என்ற பழைய புத்திமதிதான். கோடிக்கணக்கானோர் விரும்பிப் பார்த்தார்கள். உங்கள் வீடியோவுக்கான வில்லன்கள் ஆபீஸிலேயே இருக்கிறார்கள்: சுழல் நாற்காலிமேல் ஏறி ஃபைல் எடுப்பவர், ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கெட்டிலையும் காபி மெஷினையும் செருகுபவர், அவசர வழியில் அட்டைப்பெட்டி அடுக்குபவர். கணக்குப் பிரிவு அண்ணாச்சியையே நடிக்க வையுங்கள். அவர் விழுவதைப் பார்க்காமல் யார் தூங்குவார்? மூன்று நிமிடம் போதும். தீப்பிடித்தால் லிஃப்ட்டில் ஏறக்கூடாது என்பதை மட்டும் உங்கள் கட்டடத்தின் படிக்கட்டிலேயே படமெடுங்கள். புகைக்குள் கால் தேடப்போவது அந்தப் படிகளைத்தான்.