ஒழுகுகிற காருக்கு எந்த ஆயில்?

எங்கள் அம்பாசடர் வெளியே போயிருக்கும்போதும் அது நிற்கிற இடம் எது என்று சொல்லிவிடலாம். சிமெண்ட் தரையில் கறுப்பாக ஒரு வட்டம். அப்பா அதன்மேல் மரத்தூள் கொட்டிவைப்பார். ஊறிய தூளை அம்மா கூட்டி அள்ளி வெந்நீர் அடுப்பில் போடுவாள், குப்பென்று பற்றிக்கொள்ளும். காரில் கோளாறு என்று வீட்டில் யாரும் நினைத்ததில்லை. “சொட்டுனாத்தான மொதலாளி, உள்ள ஆயில் இருக்குன்னு தெரியும்?” என்பார் மெக்கானிக் பாய். திண்டுக்கல்லில் அன்றைக்கு அதுதான் ஆயில் இண்டிகேட்டர்.

எந்த ஆயில் ஊற்றுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள அன்று வழியே இல்லை. பெட்ரோல் பங்கில் ஒரு பீப்பாய், அதன் தலையில் கைப்பம்பு, பக்கத்தில் மூக்கு நீண்ட அளவுக் குவளை. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: நாற்பதா, ஐம்பதா? ஒழுகல் கொஞ்சம் கூடினால் பாய் நாடி பார்க்கிற தோரணையில் அடியில் விரலை வைத்துத் தடவிப் பார்ப்பார். “அடுத்த தடவ அம்பது ஊத்திருவோம்.” வைத்தியம் முடிந்தது.

பாய் சொன்னதில் பிழை இல்லை என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் பிரிட்டனின் பி.எம்.சி. ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. அதன் மூல வடிவில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. ஷாஃப்ட்டில் மரை போல வெட்டிய ஒரு பள்ளம், சுற்றும்போது ஆயிலை உள்ளுக்குத் திருப்பித் தள்ளும். ஓடுகிறவரை தள்ளும், நின்றால் சொட்டும். சீலே இல்லாத இடத்தில் சீல் லீக் என்று யாரைப் போய்க் கேட்பது? கெட்டி ஆயில் ஊற்று, தினமும் காலையில் கேஜ் கம்பியை உருவிப் பார், குறைந்தால் அரை லிட்டர் விடு. அப்பா அதற்கென்றே ஒரு கிழிந்த பனியன் துணியை பானெட்டுக்குள் சொருகிவைத்திருந்தார்.

இப்போது என்னிடம் இருப்பது லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய ஒரு சின்ன பெட்ரோல் கார். மரத்தூள் தேவையில்லை, தரையில் டைல்ஸ். அதில் ஒரு நாள் மிளகளவு ஒரு சொட்டு விழுந்தது. அப்பா காலத்தில் இதைச் சொட்டு என்று மதித்திருக்கவே மாட்டார்கள். இன்றைக்கோ குடும்பக் கூட்டமே கூடிவிட்டது.

“சிந்தெடிக் ஊத்துனீங்கள்ல, அதான் மாமா” என்றான் தங்கை மகன். இதுவும் ஒரு பழைய பழி. சிந்தெடிக் ஆயில்கள் வந்த புதிதில் சில வகைகள் ரப்பர் சீலைச் சுருங்கவைத்தது உண்மை. பிறகு ரப்பரை லேசாக உப்பவைக்கும் எஸ்டர்களைச் சேர்த்து அதைச் சரிசெய்துவிட்டார்கள். பெயர் மட்டும் இன்னும் கெட்டே கிடக்கிறது. மாடிவீட்டு ரிட்டயர்டு இன்ஜினியர் 20டபிள்யூ-50 ஊற்றினால் ஒழுகலே நின்றுவிடும் என்றார். அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்ததும் ஓர் அம்பாசடராகத்தான் இருக்க வேண்டும்.

கடைக்குப் போனால் அது தனிக்கூத்து. ஆடித் தள்ளுபடி ஜவுளிக்கடை போல அலமாரி முழுக்க டின்கள். கார் புத்தகத்தில் இருப்பது 5டபிள்யூ-30. அந்த 30 என்பது 100 டிகிரி சூட்டில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரையிலான பிசுபிசுப்பு. 40 என்றால் 12.5-இல் தொடங்கி 16.3 வரை, 50 அதற்கும் மேலே. என் காரில் வால்வு டைமிங்கை மாற்றுவதே ஆயில் அழுத்தம்தான். அதில் போய் 50-ஐ ஊற்றினால் ஒழுகல் குறைகிறதோ இல்லையோ, இன்ஜின் முனகும். புத்தகம் அனுமதித்தால் 30-இலிருந்து 40-க்கு ஒரு படி ஏறலாம். இல்லாவிட்டால் அதே 30-இல், பழைய வண்டிகளுக்கென்று சீலைப் பதப்படுத்தும் சரக்கு சேர்த்து வருகிற ‘ஹை மைலேஜ்’ ஆயில் வாங்கலாம். சூட்டில் விறைத்துப்போன ரப்பர் அதில் சற்று இளகும். கிழிந்த சீல் ஒட்டாது.

இத்தனையும் கரைத்துக் குடித்துவிட்டு மெக்கானிக்கிடம் போனேன். பாயின் பேரன் வயதுப் பையன். டார்ச் அடித்துக் கீழே பார்த்தான். “வேர்க்குது சார், ஒழுகல.” நான் 5டபிள்யூ-40-ஐப் பற்றி ஆரம்பித்தேன். அவன் காதில் வாங்கவே இல்லை. இன்ஜின் தலையிலிருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் வால்வைப் பிடுங்கி, காதருகே வைத்து ஆட்டினான். சத்தமில்லை. புதியதை ஆட்டினான்: கிலுக், கிலுக்.

பி.சி.வி. வால்வு. பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவை வெளியேற்றும் வழி. அது அடைத்தால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, இளைத்த சீல் எதுவோ அதன் வழியாக ஆயிலை வெளியே தள்ளும். அளவுக்கு மேல் ஆயில் ஊற்றினாலும் இதே கதைதான். வால்வின் விலை, நான் கையில் வைத்திருந்த டின்னின் விலையில் கால்வாசி இல்லை.

ஆகவே, கசிகிற கார் வைத்திருப்போரே, முதலில் அந்த வால்வை ஆட்டிப் பாருங்கள். டாஷ்போர்டின் சிவப்பு விளக்கை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் ஆயில் அழுத்தத்தைக் காட்டுவது, அளவை அல்ல. கம்பியை உருவுங்கள். பின்பக்க சீல் கசிந்து கிளட்ச் வழுக்கத் தொடங்கிவிட்டால் எந்த டின்னும் உதவாது. கியர்பாக்ஸை இறக்கி சீலை மாற்றச் சொல்லுங்கள். அந்தப் பில்லில் சீலின் விலை சொற்பம். இறக்கி ஏற்றுகிற கூலிதான் பெரிது.