செல்போனின் முதற்பயன் பேசாதிருத்தலே: திருவனந்தபுரத்து மாணவரை முன்வைத்து ஓர் ஆய்வு

திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவரும் 1891-ல் மனோன்மணீயத்தை வெளியிட்டவருமான பெ. சுந்தரம் பிள்ளை, அறிவுத்துறைகளை வகைப்படுத்தி ‘நூற்றொகை விளக்கம்’ என்றொரு நூலும் செய்தார். அதில் செல்போன் இயலுக்கு இடமில்லை. 1897-லேயே அவர் காலமாகிவிட்டதால் இதைக் குறையென்று சொல்வது நியாயமாகாது. அக்கல்லூரியே இன்று பாளையத்தில் யூனிவர்சிட்டி காலேஜாக நிற்கிறது. அதன் வாசலைக் கவனிக்கும் எவருக்கும் அவர் விட்ட இடம் கண்ணில் படும். மாணவர் ஒவ்வொருவர் கையிலும் செல்போன் உண்டு. அதைக் காதில் வைத்திருப்பவர் அரிது. இதிலிருந்து இக்கட்டுரை கொள்ளும் துணிபு: மாணவர் செல்போன் வைத்திருப்பது பேசுவதற்கன்று, பேச்சிலிருந்து தப்புவதற்கு.

சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. குழித்துறையிலும் பாறசாலையிலும் ஏறித் தலைநகருக்குப் படிக்க வரும் பிள்ளைகள், வண்டி எங்கே நிற்கிறது என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்பதில்லை. ரயில் செயலியே நெய்யாற்றின்கரை என்று காட்டிவிடுகிறது. ஒரு காலத்தில் இந்தக் கேள்வியில் தொடங்கிய பேச்சு, ஊர், வீட்டுப்பேர், மாமன் மச்சான் உறவு வரை போய், சில சமயம் கல்யாணத்திலும் முடிந்தது. தட்டுக்கடையில் சாயா குடித்தவர் ஸ்கேன் செய்கிறார். பணம் வந்ததென்று பெட்டி மட்டும் உரக்கச் சொல்கிறது. கடைக்காரரும் மாணவரும் வாய் திறக்கவில்லை. ஆனாலும் தலையாய சான்று வேறு. எதிரே பேராசிரியரோ, நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு சங்கத்துத் தோழரோ வருவது தெரிந்ததும் செல்போன் உடனே காதுக்கு ஏறுகிறது. மறுமுனையில் யாருமில்லை. பேசுவதற்கென்று செய்த கருவி, பேசுவதுபோல் காட்டிப் பேச்சைத் தவிர்க்க உதவும் இவ்விடத்தில்தான் அதன் இயல்பு முழுதாக வெளிப்படுகிறது.

‘இது சிக்கனத்தால் வந்த பழக்கம், கருவியின் இயல்பன்று’ என்பார் உளர். அவர்களும் வரலாற்றைத்தான் துணைக்கு அழைப்பார்கள். கேரளத்தின் முதல் செல்போன் அழைப்பை 1996-ல் கொச்சியில் பேசித் தொடங்கிவைத்தவர் நாவலாசிரியர் தகழி சிவசங்கரப் பிள்ளை. அத்தனை பெரிய கதைசொல்லி தொடங்கிவைத்த கருவி, கட்டணத்துக்கு அஞ்சியே ஊமையானது என்பது அவர்கள் வாதம். 2003-ல் உள்வரும் அழைப்பு இலவசமானதும் மிஸ்டு கால் என்னும் கலை செழித்ததை அவர்கள் எடுத்துக்காட்டலாம். ஒரு மணி அடித்து நின்றால் வந்து சேர்ந்தாயிற்று, இரண்டு என்றால் கீழே இறங்கி வா; ஒரு பைசா செலவில்லாமல் ஒரு மொழியே நடந்தது. அற்றன்று. சிக்கனமே காரணமென்றால், 2016 செப்டம்பரில் ஜியோ வந்து பேச்சுக்குத் தனிக் காசில்லை என்று ஆனபோது, ஊர் முழுக்க வாய் திறந்திருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. இலவசமான பிறகு, முன்னறிவிப்பில்லாமல் அழைப்பவரை மாணவருலகம் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்தவரைப்போலப் பார்க்கத் தொடங்கியது. ‘கூப்பிடட்டுமா?’ என்று முதலில் எழுதிக் கேட்பதே இன்றைய மரியாதை.

நீதிமன்றப் பதிவும் நம் பக்கமே. கோழிக்கோடு மாவட்டம் சேளன்னூரில் ஒரு மகளிர் விடுதி மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை செல்போனைத் தடை செய்தது. இணங்காத மாணவியை வெளியேற்றியது. 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கூறி அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு, கிண்டலுக்கு அப்பாற்பட்டது. நம் ஆய்வுக்கு வேண்டியது ஒன்றே: வழக்கின் அச்சு இணையம், வாய்ப்பேச்சன்று. ‘அம்மா அழைத்தால் எடுக்கிறார்களே’ என்பது அடுத்த தடை. எடுக்கிறார்கள். ‘மக்களே, சாப்பிட்டியா?’ என்று நாகர்கோவிலிலிருந்து கேள்வி வருகிறது. ‘ஆமா’, ‘சரி’, ‘வைக்கட்டா’ என்ற மூன்று சொற்களில் உரையாடல் நிறைவுறுகிறது. மூன்றாவது, முதல் இரண்டையும்விட வேகமாக வருகிறது. விடுதி மாடியில் நள்ளிரவில் உலாத்திக்கொண்டு பேசும் காதலர்களைக் காட்டி மறுப்பாரும் உண்டு. அவர்களைப் புறனடையில் சேர்க்க. எந்த இலக்கணமும் அவர்களைக் கட்டுப்படுத்தியதில்லை.

எஞ்சுவது குரல் பதிவு. அது பேச்சல்லவா எனின், கேட்பவர் இல்லாதபோது சொல்லப்படுவதும், சொன்னவர் இல்லாதபோது கேட்கப்படுவதும் பேச்சாகாது என்க. போதாக்குறைக்கு 2021 முதல் வாட்ஸாப் அதை இருமடங்கு வேகத்தில் ஓட்டவும் விடுகிறது. நண்பரின் மனக்குறையைப் பாதி நேரத்தில் கேட்டு முடிக்கலாம். காரியவட்டம் வளாகத்தில் நேரில் நின்று வகுப்பெடுக்கும் பேராசிரியருக்கு இவ்வசதி இன்னும் பொருத்தப்படவில்லை. மாணவர் அந்த ஒரு மணி நேரத்தை எவ்வாறு கடக்கின்றனர் என்பதை மேசைக்கு மேலிருந்து ஆராய இயலாது.