தவளை பிடித்த வாழ்க்கை

கேள்வி: தவளை பிடிக்கவா ஒருவர் ஆயுளையே செலவழிப்பார்?

பதில்: டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.டி.பிஜு முதலில் தாவரவியல்காரர். செடி தேடி மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போனவரைத் தவளைகள் பிடித்துக்கொண்டன, இன்றுவரை விடவில்லை! 2003-ல் அவரும் பெல்ஜியத்தின் ஃபிராங்கி போசுயிட்டும் அறிவித்த ஊதாத் தவளையைப் பாருங்கள். உப்பிய உடம்பு, பன்றி மூக்கு, கடுகுக் கண். ஆண்டு முழுக்க மண்ணுக்குள் கறையான் தின்று கிடக்கும். மழை தொடங்கியதும் முட்டையிடச் சில நாள் மட்டும் வெளியே வரும். நெருங்கிய சொந்தமோ கடல் தாண்டி சீஷெல்ஸ் தீவுகளில்! கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நிலங்கள் பிரிந்த கதைக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? இதன் தலைப்பிரட்டைகள் பாயும் ஓடையில் பாறையை வாயால் கவ்விக்கொண்டே வளர்பவை. ஓடையை மறித்துத் தடுப்பணை கட்டினால் அவை எங்கே போகும்? அதற்காகத்தான் ஐயா, ஒரு ஆயுள்கூடப் போதவில்லை.